தட்டத்திலை வைச்ச ஜேர்சி

பந்தடிக் காலம் முடிஞ்சு, மைதானமெல்லாம் சேறாப் போன பிறகுதான் எங்கட ஆம்பிளையளுக்கு உண்மையான பந்தடி தொடங்கும். காலாலை இல்லை, வாயாலை. லண்டனிலை, செவன் கிங்ஸிலை நாங்கள் வைச்சிருந்த பலசரக்குக் கடையின்ர பின்பக்கம், ரோல்ஸும் வடையும் விக்கிற மூலைதான் அதுக்கு மைதானம். சாமான் வாங்க வாற சனத்துக்கு நிக்க இடமில்லை, இவைக்கு இருக்கக் கதிரை. கதிரை போட்டுக் குடுத்தவர் என்னைக் கட்டினவர், எங்கட மனுசன். பந்தடிக் கிளப்பின்ர பொருளாளர் எல்லோ, அந்த எடுப்பு.

விசயம் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். யாழ்ப்பாணத்திலை எங்கட ஊரும் பக்கத்து ஊரும் ஒரு றோட்டுக்கு அங்காலையும் இஞ்சாலையும். லண்டனுக்கு வந்தும் அந்த றோட்டை இவை விடேல்லை. ரெண்டு ஊர்ப் பேரிலையும் ரெண்டு கிளப். கோடையிலை ஞாயிற்றுக்கிழமையளிலை கவுன்சில் மைதானத்திலை உதைபந்தாட்டம். வெண்டால் ஒரு கப். நான் ஒருக்காத் தூசி தட்டத் தூக்கிப் பாத்தனான், எங்கட தேத்தண்ணிக் கேத்தில் அதைவிடப் பாரம். அந்தக் கண்டறியாத கப்புக்காகத்தான் இவ்வளவு சன்னதமும்.

காசு குடுத்து ஆளெடுக்கக் கூடாது எண்டு தங்களுக்குள்ளை ஒரு சட்டம் வைச்சிருந்தவை. அதாலை ஒருத்தரும் காசு குடுக்கிறேல்லை. பெற்றோல் ஸ்டேசனிலை ஷிப்ட் குடுப்பினம். அட்வான்ஸ் இல்லாமல் றூம் குடுப்பினம். விசாக் கேஸ் இழுபடுற பெடியனை லோயரிட்டைத் தாங்களே காரிலை ஏத்திக்கொண்டு போவினம். கேட்டால் நல்ல மனம் எண்டுதான் நீங்களும் நினைப்பியள். கோல் அடிக்கத் தெரியாத ஒருத்தன் போய் அந்த றூமைக் கேட்டுப் பாக்கட்டும், நல்ல மனம் எந்தப் பக்கத்தாலை ஓடுது எண்டு தெரியும்.

குளிர் தொடங்கினால் ஆர் எந்தக் கிளப்புக்கு மாறுறான் எண்டதுதான் கதை. விடுப்பு, ஊர்ப் புதினம் எல்லாம் கொண்டு வாறவர் ஒரு மினிகேப்காரர், டாக்சி ஓடுறவர். ஜக்கெற்றைக் கழட்ட முதலே தொடங்கிவிடுவார்.

"அண்ணை, அவங்கட கோல் கீப்பர் இந்த முறை எங்களிட்டை வாறான்."

"ஆர் சொன்னது?"

"எயார்போர்ட்டுக்கு ஏத்திக்கொண்டு போன ஆள் சொன்னவர்."

"அவருக்கு ஆர் சொன்னது?"

"அவற்ர மச்சானோடை ஒரே றூமிலை இருக்கிற பெடியன்."

இது போதும் இவைக்கு. பிறகு அந்த வராத கோல் கீப்பரை எந்த றூமிலை நிப்பாட்டுறது, அவன் வந்தால் பழையவனை என்ன செய்யிறது எண்டு ரோல்ஸ் ஆறும் வரைக்கும் சண்டை. ரெண்டு பேர் ஒருத்தரோடை ஒருத்தர் கதையாமல் விட்டவை, ஒரு மாதம். கோல் கீப்பர் பாவம், அவன் அந்தக் குளிருக்கு ஊரிலை போய் நிண்டு கூழ் குடிச்சுக்கொண்டிருந்தவன். யுத்தம் நிண்டு சமாதானம் எண்டு சொல்லி ஆக்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்த காலம் அது.

அடுத்தது செலவுக் கதை. எங்கட கிளப்பின்ர செயலாளர், வீட்டுக் கடன் எடுத்துக் குடுக்கிற தொழில் செய்யிறவர், எப்பவும் கோட் போட்டபடிதான் வருவார். "அவங்கள் இறைக்கிறாங்கள் அண்ணை, தண்ணியா இறைக்கிறாங்கள்," எண்டு எங்கட மனுசனுக்குச் சொல்லுவார். பக்கத்து ஊர்க் கிளப்பின்ர தலைவர் வீட்டைத் திரும்பப் பாங்கிலை அடகு வைச்சு, பெடியளைப் பாரிசுக்கு விளையாடக் கோச் பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போனவராம். "நாங்கள் இப்பிடிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் வாற முறையும் வாயைப் பாத்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான்." இதைச் சொன்ன அதே மனுசன், வெளியிலை போகேக்கை வெண்டிக்காய் விலை கூட எண்டு என்னோடை மல்லுக்கு நிப்பார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடவேணும் எண்டு ஒருத்தர் வந்து கேட்ட நேரம், "அடுத்த கூட்டத்திலை கதைப்பம்" எண்டு தேத்தண்ணி குடுத்து அனுப்பினவை. அதே கிழமை, வலது பக்கத்துக்கு ஒரு ஆள் எடுக்கிறதுக்கு அவசரக் கூட்டம் போட்டவை. கூரைக்கு என்ன அவசரம், அது கோல் அடிக்குமோ?

குட்மேய்ஸிலை இருந்த ஒரு மலேசியத் தமிழர், படிக்க வந்து பாங்கிலை பெரிய வேலையிலை இருந்தவர், கறிவேப்பிலை வாங்க வந்தவர் ஒருநாள் இந்தச் சத்தத்தைக் கேட்டுப்போட்டு என்னட்டை மெல்லமாக் கேட்டார், "ஏங்க, இவங்க பேசுறது எந்த டீமு? டிவியில காட்டுவாங்களா?" எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சுது. "காட்டுவாங்கள், பொறுங்கோ," எண்டன்.

சிரிச்சுக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் குளிருக்கு இவையின்ர வாய் என்ர தங்கச்சியிலை வந்து நிண்டது.

தங்கச்சி இல்ஃபோர்டிலை ஒரு மருந்துக் கடையிலை வேலை. எங்களோடைதான் இருந்தவள். அப்பா இல்லை, அம்மா ஊரிலை. எத்தினை சம்பந்தம் வந்தது, கனடாவிலை எஞ்சினியர், நோர்வேயிலை சொந்த வீடு வைச்சிருக்கிறவன், எல்லாத்துக்கும் தலையை ஆட்டி மறுத்தவள், ஒருநாள் வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிக்கேக்கை, "அக்கா, எனக்கொரு ஆளைப் பிடிச்சிருக்கு," எண்டாள். ஆரெண்டு கேட்டால், பக்கத்து ஊர்க் கிளப்பிலை இடக்காலாலை அடிக்கிற பெடியன். ரெண்டு வருசமா எங்கட கிளப்பை அழ வைச்சவன். நல்ல அமைதியான பெடியன், பெற்றோல் ஸ்டேசனிலை வேலை, அவங்கட தலைவர் வீட்டு மேல் றூமிலை இருந்தவன்.

அம்மாவுக்குப் போன் பண்ணினம். சாதகமும் பொருந்திப் போச்சுது. "அப்பா இல்லாத பிள்ளை, மருமோன்தான் முன்னுக்கு நிண்டு செய்யவேணும். அவர் ஓமெண்டால் எனக்கும் ஓம்," எண்டு அம்மா சொல்லிப்போட்டா. ஆகத் தங்கச்சி தன்ர வாழ்க்கையிலை வாயைத் திறந்து கேட்ட ஒரேயொரு விசயம் எங்கட மனுசன்ர வாயிலை வந்து நிண்டது.

நான் பயந்து பயந்துதான் சொன்னனான். பக்கத்து ஊர்ப் பெடியன் எண்டதும் மூஞ்சையை நீட்டுவார் எண்டு நினைச்சன். ஆனால் அந்தாளின்ர முகம் மலர்ந்துது பாருங்கோ! "நல்ல பெடியன். எனக்குத் தெரியாதோ அவனை?" எண்டு சொல்லித் தானே எழும்பித் தேத்தண்ணி போட்டார். கட்டின நாளிலையிருந்து எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தராத மனுசன். தங்கச்சியிலை இவ்வளவு பாசமோ எண்டு எனக்குக் கண் கலங்கிச்சுது. கலங்கினதை நினைச்சால் இப்பவும் கொதி வருது.

ரெண்டு கிழமையாலை கடையிலை வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டு நிக்கிறன். பின்னுக்குக் கூட்டம். மினிகேப்காரரின்ர குரல் கேக்குது.

"இடக்காலன் எங்களுக்குத்தான். பொம்பிளை குடுத்து எடுக்கிறம்."

எனக்குக் கை அப்பிடியே நிண்டுபோச்சுது. செயலாளர் சொல்லுறார், "சத்தம் போடாதை, இன்னும் முடியேல்லை. அவங்களும் சும்மா இருக்கமாட்டாங்கள்." ஓமாம், அவங்கட தலைவர் தன்ர தமையன்ர மகளைப் பேசுறாராம். சட்டனிலை வீடும் குடுக்கிறதாம். "அப்ப எங்கட பக்கம் குறைவெல்லோ?" எண்டு ஒருத்தர். "மருந்துக் கடையிலை வேலை, பிரிட்டிஷ் பாஸ்போட், வேற என்ன வேணும்?" எண்டு இன்னொருத்தர். "ஒரு இடக்காலுக்கு இது கூடிப்போச்சு எண்டுதான் நான் சொல்லுவன்," எண்டார் மூண்டாமவர், ரோல்ஸை மெண்டுகொண்டு.

என்ர தங்கச்சியைத்தான் கதைக்கினம். நான் அங்கை நிக்கிறன் எண்டும் தெரியும் அவைக்கு. அக்கா, இன்னொரு ரோல்ஸ் தாங்கோ எண்டு கேட்டுக்கொண்டே கதைக்கினம்! வெக்கம் கெட்ட சாதி. தட்டத்தோடை போய் மேசையிலை அடிச்சு வைச்சுப்போட்டு வந்தன்.

வீட்டை போய் எங்கட மனுசனைப் பிடிச்சன். "என்ன கதை இது? அவள் என்ன உங்கட கிளப்புச் சாமானே?"

"சும்மா பகிடிக்குக் கதைக்கிறாங்கள். நீ ஏன் பெரிசு படுத்திறாய்?" எண்டார். நான் விசரி, நம்பினன்.

கலியாணப் பேச்சுக்கால் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் எங்கட வீட்டிலை. பெடியனும், கொவென்றியிலை இருக்கிற அவன்ர மாமாவும் வந்திருந்தினம். மாமா நல்ல மனிசன், கறுப்புத் தொப்பியைக் கையிலை வைச்சு உருட்டிக்கொண்டு கூச்சத்தோடை இருந்தார். எங்கட பக்கம் பெரியாக்கள் வேணும்தானே. எங்கட மனுசன் ஆரைக் கூப்பிட்டிருக்கிறார் தெரியுமோ? செயலாளரையும் மினிகேப்காரரையும். சொந்தச் சித்தப்பா சட்டனிலை இருக்க, கமிட்டி வந்து குந்தியிருக்கு. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு பலகாரம் வைச்சன். தங்கச்சி குசினி வாசலிலை, நீலச் சேலை உடுத்து நிண்டாள். அவளின்ர முகத்தைப் பாத்துத்தான் நான் வாயை மூடினனான்.

கதை நல்லாத்தான் போச்சுது. "சீதனம் எண்டு நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை," எண்டார் மாமா. "நாங்களும் அதைக் கதைக்க வரேல்லை," எண்டு செயலாளர் கோட்டை இழுத்து விட்டார். "ஒரேயொரு சின்ன விசயம்தான்."

தட்டத்திலை நான் வெத்திலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் அடுக்கி வைச்சிருந்தன். செயலாளர் பையுக்குள்ளை கையை விட்டு, பொலித்தீன் பிரிக்காத ஒரு ஜேர்சியை எடுத்து, வாழைப்பழச் சீப்புக்கு மேலை வைச்சார். எங்கட கிளப்பின்ர ஜேர்சி. முதுகிலை அந்தப் பெடியன்ர நம்பர். ஏற்கெனவே அடிச்சு எடுத்திருக்கினம்! கூறைச்சேலை இன்னும் எடுக்கேல்லை, ஜேர்சி வந்திட்டுது.

"பங்குனிக்கு முதல் எங்களிட்டைப் பேரைப் பதிஞ்சால் காணும். சித்திரையிலை கலியாணத்தை வைச்சுக்கொள்ளலாம்," எண்டார். எங்கட மனுசன் பக்கத்திலை இருந்து தலையை ஆட்டுறார். தேத்தண்ணி போட்ட கதை எனக்கு அப்பதான் விளங்கினது.

மாமாவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. "இது என்ன, மாப்பிளைக்கு உடுப்போ?" எண்டு கேட்டார்.

பெடியன் ஜேர்சியைப் பாத்தான். பிறகு எழும்பி, இடது கால்ச்சட்டையை முழங்காலுக்கு மேலை சுருட்டினான். முழங்காலைச் சுத்தி வெட்டித் தைச்ச தழும்பு, இன்னும் சிவப்பு மாறேல்லை.

"கடைசி மட்ச்சிலை சவ்வு அறுந்தது. கொவென்றியிலை மாமா வீட்டை நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு ஒப்பரேசன் செய்தனான். இனிப் பந்தடிக்கேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அங்கை தெரிஞ்சால் றூமும் போகும், ஷிப்டும் போகும், அதுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." எங்கட மனுசனைப் பாத்து, நல்ல மரியாதையாத்தான் கேட்டான். "அண்ணை, இப்பவும் உங்களுக்குச் சம்மதமோ?"

ஒரு ஓம். ஒரு சொல்லு. அது போதும் அந்த இடத்திலை. தங்கச்சி வாசல் நிலையைப் பிடிச்சுக்கொண்டு அத்தானின்ர வாயைப் பாக்கிறாள். எங்கட மனுசன் என்ன செய்தார்? திரும்பிச் செயலாளரின்ர முகத்தைப் பாத்தார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். கையை நீட்டி, வாழைப்பழத்துக்கு மேலை இருந்த ஜேர்சியை எடுத்து, திரும்பப் பையுக்குள்ளை வைச்சார். கை கூசாமல், எல்லாற்ரை கண்ணுக்கும் முன்னாலை! "அப்ப நாங்கள் கொஞ்சம் யோசிக்கவேணும்," எண்டார். மினிகேப்காரர் வடையைப் பாதியிலை வைச்சிட்டார், அவருக்கும் துக்கம்.

"ஓம், ரெண்டு நாள் பொறுங்கோ, யோசிச்சுச் சொல்லுறம்," எண்டார் எங்கட மனுசன்.

"எனக்குத் தெரியும் அத்தான்," எண்டாள் தங்கச்சி வாசலிலை நிண்டபடி. "முழங்காலுக்குப் போடுற பட்டி வாங்கத்தான் அவர் முதல் முதல் எங்கட மருந்துக் கடைக்கு வந்தவர். நான்தான் எடுத்துக் குடுத்தனான். கால் சரிவராது எண்டு தெரிஞ்சுதான் எனக்கு அவரைப் பிடிச்சது."

எனக்கு அதுக்கு மேலை பொறுக்க ஏலாமல் போச்சுது. "கமிட்டிக் கூட்டம் முடிஞ்சுது, எழும்புங்கோ," எண்டன். "அக்கா, நாங்கள் என்ன..." எண்டு செயலாளர் இழுத்தார். "எழும்புங்கோ எண்டன்! இது கலியாண வீடு. உங்கட பையையும் தூக்கிக்கொண்டு நடவுங்கோ." கோட்டைச் சரிபண்ணிக்கொண்டு போனவை. மாமாவின்ர கையைப் பிடிச்சு நான் மன்னிப்புக் கேட்டன். பெடியன் கால்ச்சட்டையை இறக்கி விட்டுக்கொண்டு என்னைப் பாத்து லேசாச் சிரிச்சான். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் போனது.

விடுப்பு எவ்வளவு கெதியாப் பறந்தது எண்டு சொல்லவேணுமே? மற்றக் கிளப்பின்ர தலைவர் அந்தக் கிழமையே றூமுக்குத் தன்ர சொந்தக்காரர் வருகினம், விடு எண்டார். ஷிப்டும் போச்சுது. தமையன்ர மகள், சட்டன் வீடு எல்லாம் காத்தோடை போச்சுது. அப்பிடி ஒரு பேச்சே இல்லையாம், பிறகு அறிஞ்சது. சட்டனிலை இருந்த எங்கட சின்னம்மாவும் சித்தப்பாவும்தான் பெடியனைத் தங்கட வீட்டிலை கூப்பிட்டு வைச்சினம். அதுகளுக்குப் பந்து வட்டமோ சதுரமோ எண்டுகூடத் தெரியாது.

நான் கடையிலை அந்தக் கதிரையளைத் தூக்கி வெளியிலை போட்டுட்டு, அந்த இடத்திலை அரிசி மூட்டை அடுக்கினன். எங்கட மனுசனோடை ஒரு கதையும் இல்லை. சோத்தைப் போட்டு மேசையிலை வைச்சிட்டுப் போவன். மனுசன் ரெண்டு நாள் எண்டு கேட்டவர், ரெண்டாம் நாளே வந்து நிண்டார். "நான் ஓமெண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். கலியாணச் செலவெல்லாம் என்ர பொறுப்பு. அவளிட்டைச் சொல்லு." கண்ணெல்லாம் சிவந்து போயிருந்தது. பாவம் எண்டும் இருந்துது எனக்கு, கன்னத்திலை ஒண்டு போடவேணும் எண்டும் இருந்துது.

நான் தங்கச்சியிட்டைப் போய்ச் சொன்னன். "அத்தான் வலு கவலைப்படுறார். ஓமெண்டிட்டார். மணவறையிலை அப்பாவின்ர இடத்திலை தானிருந்து தாரை வார்க்கவேணும் எண்டு கேக்கிறார்."

அவள் உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தவள், நிமிரேல்லை. "அத்தான் என்னை ஒருக்காக் குடுத்துப் பாத்தவர்தானே அக்கா. சாமான் சரியில்லை எண்டு திரும்ப எடுத்துப்போட்டினம். காணும். இனிச் சித்தப்பா குடுக்கட்டும்."

"அப்ப நான்?" எண்டு கேட்டன்.

அதுக்குத்தான் அவள் அழுதாள். எனக்கும் தெரியும் பதில். தாரை வார்க்கச் சோடியா இருக்கவேணும். அவரை விலத்தினால் என்னையும் விலத்தினதுதான். அவளிலை ஒரு பிழையும் இல்லை. ஒருத்தனுக்கு ரெண்டு மரக்கட்டைக்கு நடுவிலை பந்து போகவேணும் எண்ட ஆசை, அதுக்கு நான் என்ர பிள்ளை மாதிரி வளத்த தங்கச்சியின்ர மணவறையிலை எனக்கு இடமில்லை.

கலியாணம் சட்டனிலை ஒரு ஹோலிலை. அம்மாவுக்கு விசா கிடைக்கேல்லை. கமிட்டி முழுக்க வந்திருந்தது, வெக்கமில்லாமல். பின் வரிசையிலை இருந்து மாப்பிளையின்ர சொந்தத்திலை ஒரு உயரமான பெடியனைக் காட்டி, ஆர் அவன், எங்கை விளையாடுறவன் எண்டு குசுகுசுத்தவை. எங்கட மனுசன் அந்தப் பக்கம் போகேல்லை. எனக்குப் பக்கத்திலை இருந்து குனிஞ்சு சப்பாத்தைப் பாத்துக்கொண்டிருந்தார்.

பொம்பிளையின்ர தாய் தேப்பன் வாங்கோ எண்டு ஐயர் கூப்பிட்டார். என்ர கால் என்னைக் கேளாமல் எழும்பப் பாத்தது. சின்னம்மாவும் சித்தப்பாவும் முன் வரிசையிலை இருந்து எழும்பிப் போச்சினம். சித்தப்பா அவளின்ர கையைத் தூக்கி மாப்பிளையின்ர கையிலை வைக்க, சின்னம்மா செம்பைச் சரிச்சுத் தண்ணி வாத்தா. அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பி, இந்த ஊருக்குக் கூப்பிட்டுக் குளிருக்குக் கோட் வாங்கிக் குடுத்தவள் நான். சனத்தோடை சனமாக் கதிரையிலை இருந்து பாத்தன்.